கையெழுத்து இருந்தால் திருட்டு இல்லையா?

நீங்கள் கேட்டிருப்பது இது. 2019ல் வந்த ‘ஹஸ்ட்லர்ஸ்’ படத்தில் நியூயார்க் நடன விடுதிப் பெண்கள் சிலர் வால் ஸ்ட்ரீட் நிதி நிறுவனப் பணக்காரர்களுக்கு மருந்து கலந்து கொடுத்து, கார்டைத் தேய்த்துப் பணம் பறிக்கிறார்கள். “ஆனால் அந்த ஆள் தானாக வந்தான், தானாகக் குடித்தான், கார்டைத் தானே எடுத்துக் கொடுத்தான், ஸ்லிப்பில் கையெழுத்தும் இருக்கிறது. இதில் திருட்டு எங்கே? திருட்டு என்றால் வங்கிக்கு ஒரு போன் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கியிருக்க மாட்டானா?” இரண்டு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். கொடுத்த பணம் எது, எடுக்கப்பட்ட பணம் எது, அதை யார் எப்படிப் பிரித்துச் சொல்வது?

அமெரிக்க கிரெடிட் கார்டுகளின் தகராறுப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் நைட் ஷிஃப்ட் பார்த்தவன் நான். ‘இந்தச் செலவை நான் செய்யவில்லை’ என்று வாடிக்கையாளர் சொன்னால் அந்தக் கோப்பு எங்கள் மேஜைக்கு வரும். நடன விடுதிக் கோப்புகள் மாதத்துக்கு ஒன்றிரண்டாவது வந்துவிடும். நான் வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்த சட்டம், வேலைக்காகத் திரும்பத் திரும்பப் புரட்டிய பக்கங்கள்தான். அந்த ஆட்களின் முகத்தையும் நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் ஸ்லிப்பும் ஸ்டேட்மென்டும் கடிதமும். கேட்டது போனில் வந்த குரல். அந்த அளவுக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில், படத்தில் எது நடந்தது, எது நடந்ததாகச் சொல்லப்படுவது என்று பிரித்துக்கொள்வோம். 2015 கடைசியில் ஒரு நியூயார்க் பத்திரிகையில் வந்த நீண்ட கட்டுரைதான் படத்துக்கு மூலம். அதற்கும் முன்னால் ஒரு வழக்கு இருந்தது. 2014 ஜூனில் நியூயார்க் நகரப் போலீசும் மத்திய போதைத் தடுப்புப் பிரிவும் கைதுகளை அறிவித்தார்கள். 2013 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு ஆண்களிடம் சுமார் 2,00,000 டாலர் சுருட்டப்பட்டது என்பது குற்றச்சாட்டு. சதி, பெருந்திருட்டு, தாக்குதல், பொய்க் கையெழுத்து என்று பிரிவுகள் போடப்பட்டன. குற்றத்தை ஒப்புக்கொண்டதில் முக்கியமான இருவருக்கும் சிறை இல்லை, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும். வேறு இருவர் சில மாதங்கள் வார இறுதியில் மட்டும் சிறைக்குப் போய் வந்தார்கள். இதெல்லாம் பதிவில் இருப்பது. யார் மருந்தைக் கலந்தார்கள், யாருக்குத் தெரிந்து நடந்தது, எத்தனை பேர் மாட்டினார்கள் என்பதில் சம்பந்தப்பட்டவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். படமே ஒரு பத்திரிகையாளரிடம் கதை சொல்வது போலத்தான் நகர்கிறது, சொல்பவள் சில இடங்களில் நழுவுவதையும் காட்டிவிடுகிறது. அதனால் ஜெனிஃபர் லோபஸ் பேசும் வசனத்தை யாரும் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. அந்தப் பெண்கள் கையில் கார்டு மெஷின் கிடையாது. இதைக் கவனித்துவிட்டால் பாதி விளங்கிவிடும். மெஷின் விடுதியுடையது, பணம் போவது விடுதியின் கணக்குக்கு. ஆளை அழைத்துவந்த பெண்ணுக்கு, அவன் செலவழித்ததில் பேசிவைத்த பங்கு. வங்கியின் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் உரிமம் உள்ள ஒரு கடையும், அதில் ஒருவர் குடித்துச் செலவழித்ததும்தான். தெருவில் பர்ஸ் அடிப்பவன் கார்டை எங்கோ ஒரு கடையில் தேய்த்தால் கடைக்காரரும் ஏமாந்தவர் ஆகிறார். இங்கே கடையே லாபம் பார்க்கிற இடத்தில் நிற்கிறது. இதில் விடுதிகளுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது தனி விவாதம். பில் பெரிதானால் கேள்வி கேட்க அவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை என்பது மட்டும் என் அனுபவம்.

அப்புறம் பில். இந்த மாதிரி விடுதிகள் பலவற்றில் நடனத்துக்கு நேராகக் கார்டைத் தேய்க்க மாட்டார்கள். விடுதியே தன் பெயரில் அச்சடித்த காகிதப் பணம் வைத்திருக்கும். கார்டைத் தேய்த்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கும்போதே கூடுதல் கட்டணம் ஒன்றும் பிடித்துக்கொள்வார்கள். ஐயாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய அந்தக் காகிதம் யார் கைக்குப் போனது என்பதற்கு ஸ்லிப்பில் ஒரு வரி இருக்காது. ஸ்டேட்மென்டில் விடுதியின் பெயரும் வராது, கேட்டால் ஏதோ உணவகம் என்று தோன்றும் ஒரு நிறுவனப் பெயர்தான் வரும். வீட்டில் யாராவது பார்த்தால் சந்தேகம் வரக் கூடாது என்று வாடிக்கையாளருக்குச் செய்து தரும் சௌகரியம் அது. பின்னால் ‘நான் ஏமாந்தேன்’ என்று எழுத உட்காரும்போது அந்தச் சௌகரியமே காலைக் கட்டிவிடும், ஏனென்றால் அந்தப் பெயர் என்ன கடை என்று அவரே விளக்க வேண்டியிருக்கும்.

ஒரு கோப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரே இரவில் நான்கு ஸ்லிப். ஒன்று நள்ளிரவு தாண்டி 1:12க்கு, அடுத்தது 1:50க்கு, பிறகு 2:35, கடைசி 3:40. முதல் ஸ்லிப்பில் பெயர் முழுதாக, முதலெழுத்தின் சுழி வரை இருந்தது. இரண்டாவது, கோட்டின் மேல் தொடங்கிக் கீழே சரிந்து போயிருந்தது. மூன்றாவது வெறும் ஒரு கீற்று. நான்காவது மறுபடி முழுப் பெயர், அதுவும் முதலாவதைவிடத் தெளிவாக. எங்கள் பிரிவின் சீனியர் அக்கா நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான்காவதன் மேல் விரலை வைத்தார். “குடிச்சவன் கையெழுத்து போகப் போகக் கெடும். விடியக்காலையில தேறி வராது.” அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அது பொய்க் கையெழுத்து என்று நாங்கள் எழுத முடியாது. நாங்கள் கையெழுத்து நிபுணர்களும் இல்லை, போலீசும் இல்லை. விடுதியிலிருந்து ஓட்டுநர் உரிமத்தின் நகல், கட்டை விரல் ரேகை வைத்த ஒப்புதல் தாள் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தன. மயங்கிக் கிடப்பவரின் கட்டை விரலும் அவருடைய கட்டை விரல்தானே.

இங்கேதான் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கார்டை அனுமதியில்லாமல் பயன்படுத்தினால் வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகாது என்று அமெரிக்க மத்தியச் சட்டம் சொல்கிறது. இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் ‘அனுமதியில்லாமல்’ என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தை யாரும் படிப்பதில்லை. கார்டைப் பயன்படுத்தியவருக்கு நேரடியான அனுமதியோ, நடத்தையால் உணர்த்திய அனுமதியோ, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அனுமதி போலத் தோன்றும் அனுமதியோ எதுவுமே இருக்கக் கூடாது. அந்தச் செலவால் கார்டுக்காரருக்கு எந்தப் பயனும் கிடைத்திருக்கக் கூடாது. நடன விடுதிக் கோப்பு ஒவ்வொன்றும் இந்த மூன்றாவது வகை அனுமதியில்தான் முட்டி நிற்கும். ஆள் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார், கார்டு அவர் சட்டைப் பையிலிருந்து வந்தது, பக்கத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெண் அதை எடுத்து நீட்டினாள், அவர் தடுக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அனுமதி மாதிரியேதான் இருக்கிறது. நானும் எத்தனையோ கோப்புகளில் ‘செலவு செல்லும்’ என்று முத்திரை போட்டிருக்கிறேன். அதில் சிலது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. எது எது என்று சொல்லத் தெரியாது.

இரண்டு பழைய விவகாரங்களை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 2003ல் ஒரு தொழில்நுட்ப நிறுவனத் தலைவர் மன்ஹாட்டன் நடன விடுதி ஒன்றில் ஒரே இரவில் 2,41,000 டாலர் செலவழித்ததாகக் கம்பெனி கார்டில் பில் வந்தது. அவ்வளவு இல்லை, அதில் ஒரு சிறு பங்குதான் என்னுடையது என்றார் அவர். விஷயம் நீதிமன்றம் போய் 2005ல் செய்தியானது, அந்த ஆண்டே அவர் பதவி போனது. மருந்து என்ற பேச்சே அதில் இல்லை. வெறும் தொகைத் தகராறு. இன்னொன்று, நியூ ஜெர்சி இதய மருத்துவர் ஒருவருடையது. 2013ல் 1,35,000 டாலர் சொச்சம் பில். தனக்கு ஏதோ கலந்து கொடுத்துவிட்டார்கள் என்று அவர் பணம் கட்ட மறுத்தார். விடுதி அவர் மேல் வழக்குப் போட்டது, பத்திரிகைகள் கேலியாக எழுதின. பிறகு அந்த 2014 கைதுகள் வந்தபோது, ஏமாற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர் என்று தெரிந்தது. இரண்டு பேரின் ஸ்டேட்மென்டையும் பெயரை மறைத்து என் முன்னால் வைத்திருந்தால், எனக்கு வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்காது.

அதனால்தான் குற்றத்தைக் கார்டில் தேடினால் கிடைக்காது, கிளாசில் தேட வேண்டும். நியூயார்க் தண்டனைச் சட்டத்தில் இரண்டாம் தரத் தாக்குதல் என்ற பிரிவில் ஒரு உட்பிரிவு இருக்கிறது. மருத்துவக் காரணம் இல்லாமல், ஒருவருடைய சம்மதம் இல்லாமல், மயக்கமோ செயலிழப்போ உண்டாக்கும் பொருளை வேண்டுமென்றே கொடுத்து அவரை அந்த நிலைக்குக் கொண்டுபோனால் அது தாக்குதல். கத்தி வேண்டாம், ஒரு காயமும் வேண்டாம். ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பணம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. அங்கே 3,000 டாலரைத் தாண்டினால் மூன்றாம் தரப் பெருந்திருட்டு, 50,000 தாண்டினால் இரண்டாம் தரம். அந்தக் கிளாசுக்குப் பிறகு போட்ட கையெழுத்தும், நீட்டிய கார்டும், சொன்ன ‘சரி’யும் சம்மதக் கணக்கில் சேராது. உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இதுதான். கொஞ்சிப் பேசி, புகழ்ந்து, ‘இன்னொரு பாட்டில் சொல்லேன்’ என்று ஒருவனைத் தெளிந்த புத்தியோடு ஐயாயிரம் டாலர் செலவழிக்க வைத்தால் அது குற்றம் இல்லை. அது அந்தத் தொழில். படத்தின் முதல் பாதி முழுக்க அதுதான் நடக்கிறது. இரண்டாம் பாதியில் அதே பெண், அதே சிரிப்பு, அதே மேஜை, ஆனால் கிளாசில் ஒரு சிட்டிகை பொடி கூடிவிடுகிறது. பார்க்கிற நமக்கே எந்த இடத்தில் தாண்டினார்கள் என்று சட்டென்று பிடிபடுவதில்லை. படம் அதை வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கில் பேசப்பட்டவை கெட்டமைன், மெத்திலோன் என்ற செயற்கைப் போதைப்பொருள், கோகெய்ன். கெட்டமைன் அறுவைச் சிகிச்சையில் பயன்படும் மயக்க மருந்து. குறைந்த அளவில் ஆள் கண் திறந்திருப்பார், பேசுவார், சொன்னபடி எழுந்து நடப்பார், மறுநாள் நினைவில் ஓட்டை விழுந்திருக்கும். மோசடி செய்பவருக்கு வேண்டியது அப்படி ஒரு ஆள்தான். முழுதாக மயங்கிவிட்டால் கையெழுத்துப் போட முடியாதே. படத்தில் சமையலறையில் நின்று அளவு பார்த்துக் கலப்பதை நகைச்சுவையாகக் காட்டுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற்கெனவே குடித்திருப்பவருக்கு, அவர் உடம்பில் வேறு என்ன மாத்திரை இருக்கிறது என்று தெரியாமல், கண் மதிப்பில் போடும் பொடிக்குச் சரியான அளவு என்று ஒன்று கிடையாது.

சரி, ஏன் யாரும் புகார் கொடுக்கவில்லை? திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி என்பார்கள். இவர் திருடனே இல்லை, ஆனாலும் கொட்டிய இடத்தை வெளியே காட்ட முடியாது. நான்கு ஸ்லிப் கோப்பின் சொந்தக்காரர் முதல் தடவை பேசியபோது, “அந்த இரவில் ஒன்றரை மணிக்கு மேல் எனக்கு எதுவுமே நினைவில்லை” என்றார். அது என்ன கடை என்று கேட்டேன், வழக்கமான கேள்விதான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்தப் பேச்சு பதிவாகிறதா?” என்றார். எல்லா அழைப்பும் பதிவாகும் என்றேன். மூன்றாவது வாரம் அவரிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. நான்கு செலவும் இப்போது ஞாபகம் வந்துவிட்டது, தகராறை மூடிவிடுங்கள். எதுவுமே நினைவில்லை என்றவருக்கு நான்கும், சென்ட் வரைக்கும், ஞாபகம் வந்திருந்தது. மூடினோம். கம்பெனி கார்டாக இருந்தால் இந்த ஞாபகம் இன்னும் சீக்கிரம் வரும்.

இந்தப் பெண்களின் மூலதனம் அழகு, மருந்து என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். கோப்பைப் பார்த்த எனக்கு, மூலதனம் அந்த ஒரு வரிக் கடிதம் என்றுதான் படுகிறது. அப்படி எழுதக்கூடிய ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்தான் சாமர்த்தியம்: கல்யாணமானவர், நல்ல வேலை, பெயருக்குப் பயப்படுபவர். படத்தில் அவர்கள் கவிழ்வதும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் செய்த தப்பால்தான். பணத்தைத் தொலைத்தவர் அவமானத்தைப் பார்க்காமல் அந்தப் பெண்ணுக்கே போன் செய்து பேச்சைப் பதிவு செய்கிறார், அதைப் போலீசிடம் கொண்டுபோகிறார். நியூயார்க்கில் பேசுபவர்களில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், பதிவு செய்வது சட்டப்படி செல்லும். கலிஃபோர்னியாவாக இருந்திருந்தால் இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும், அந்தப் பதிவே அவருக்குச் சிக்கலாகியிருக்கக்கூடும்.

‘2008ல் ஊரையே கொள்ளையடித்தவர்களிடம்தானே எடுத்தார்கள்’ என்ற வாதத்தைப் பலரும் சொல்கிறார்கள். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி கவிழ்ந்து நிதி நெருக்கடி முற்றிய பிறகு இந்த விடுதிகளில் கூட்டம் வற்றியதும், ஊதியமே இல்லாமல் விடுதிக்குத் தாங்களே தினக் கட்டணம் கட்டி ஆடும் பெண்கள் நடுத்தெருவில் நின்றதும் உண்மைதான். அந்தக் கோபத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் கணக்கு அப்படிப் போய்ச் சேரவில்லை. பெரும் வங்கியைக் கவிழ்த்தவரின் பணம் எந்த மேஜைக்கும் வரவில்லை, அது வேறெங்கோ பத்திரமாக இருந்தது. போலீசுக்குப் போகிறாரே, படத்தில் அந்த ஆள் யார்? தனிக் கவனிப்பு தேவைப்படும் மகனை வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் பிரச்சினையோடு திரிகிற ஒருவர். அவர் கம்பெனி கார்டில் விழுந்த ஓட்டையை அவர் சம்பளமும் வேலையும்தான் அடைத்தன. நான் கையாண்ட கோப்புகளிலும் பெரும்பாலானவர்கள் கோடீஸ்வரர்கள் இல்லை. கார்டு வரம்பு பெரிதாக இருந்தவர்கள், அவ்வளவுதான்.

இன்றைக்கு இதே வித்தை நடக்குமா என்றால், அதே வடிவத்தில் கஷ்டம். 2015 அக்டோபருக்குப் பிறகு சிப் இல்லாமல் தேய்த்தால் பல வகை மோசடிகளில் நஷ்டம் கடைக்காரர் தலையில் விழுகிறது. 2018 ஏப்ரலில் பெரிய கார்டு நிறுவனங்கள் கையெழுத்துக் கட்டாயத்தையே எடுத்துவிட்டன. ஒவ்வொரு செலவுக்கும் போனில் செய்தி வருகிறது. ஆனால் வித்தை போனுக்கே இடம் மாறிவிட்டது. 2022ல் மன்ஹாட்டன் மதுக்கூடங்களில் ஆண்களுக்குப் போதை கொடுத்து, நினைவில்லாத அவர்கள் முகத்துக்கு நேராக அவர்கள் போனையே நீட்டித் திறந்து, கணக்கிலிருந்து பணத்தை மாற்றியது ஒரு கும்பல். அதில் இரண்டு பேர் செத்தார்கள். 2025 பிப்ரவரியில் மூன்று ஆண்கள் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ‘யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே’ என்று படத்துக்குப் பரிந்து பேசுபவர்களிடம் நான் எடுத்துச் சொல்வது இந்த வழக்கைத்தான்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கார்டில் யாருக்காவது இப்படி நடந்தால் முதல் நாளே மருத்துவமனைக்குப் போய், மருந்து கலந்திருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லிச் சிறுநீர்ப் பரிசோதனை கேட்க வேண்டும். வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் கெட்டமைன் இருக்காது, சில பொருள்கள் அரை நாளிலேயே உடம்பை விட்டுப் போய்விடும். பிறகு போலீஸ் புகார், அதன் எண். வங்கிக்குப் போன் செய்தால் மட்டும் போதாது. ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்தில் போக வேண்டும். அந்தக் கடிதத்தில் ‘நான் அங்கே போகவே இல்லை’ என்று எழுத வேண்டாம். போனதையும், முதல் ஸ்லிப் என்னுடையதுதான் என்பதையும் ஒப்புக்கொண்டு, எத்தனை மணிக்கு மேல் நினைவில்லை என்று எழுதினால் என் மாதிரி மேஜையில் உட்கார்ந்திருப்பவர் மற்ற மூன்று ஸ்லிப்பையும் வேறு கண்ணோடு பார்ப்பார். எல்லாவற்றையும் மறுத்தவர்களின் கடிதத்தோடு விடுதி அனுப்பிய உரிம நகலைச் சேர்த்து வைத்தால், அந்தக் கோப்பை மூட எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.